முயலின் பங்கு

மூன்று காடுகளிலும் காய்ச்சல் பரவியது. மருந்து தேட யானைக்காடும் எருமைக்காடும் கூட்டுச் சேர்ந்தபோது, சின்னப் புதர்க்காட்டின் தலைவியான முயலும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த கிழங்குகளை, மருந்து தேடுவோரின் சாப்பாட்டுக்குக் கொடுத்தது.

மருந்து கிடைத்தது. யானைகள் பிழைத்தன, எருமைகள் பிழைத்தன. ஆனால் அந்த மருந்தின் வீரியம் பெரிய உடம்புக்கு ஏற்றது. ஒரு வாய் குடித்ததுமே முயலின் கடைக்குட்டி துடித்துச் செத்தது.

"எங்க உடம்புக்கு ஏத்த மருந்தையும் தேடுங்களேன், அண்ணே!" என்று முயல் கதறியது.

"அடுத்த தடவை பார்ப்போம், தங்கச்சி. உன் பங்கை மட்டும் மறக்காமக் கொண்டா" என்றது யானை.

"விலகிடலாமே, அம்மா?" என்றது மூத்த குட்டி, காய்ச்சலில் நடுங்கியபடி.

"விலகிட்டா, கேட்கக்கூட நமக்கு இடமில்லையே" என்ற முயல், அழுதுகொண்டே அடுத்த கிழங்கைத் தோண்டியது.