மின்விசிறி வேண்டாதவர்கள்

மே மாதம் பத்தொன்பதாம் தேதி, உச்சி வெயிலில், தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகையில், நன்றியுணர்வைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட ஒரு மனிதருக்கு மின்விசிறி மறுக்கப்பட்டது.

“ஃபேன் நல்லாத்தான் ஓடும் சார். இவங்க போட விடமாட்டாங்க,” என்றார் மேற்பார்வையாளர்.

“எவங்க?”

“கேக்க வந்தவங்கதான். கூட்டத்தை இந்தக் கொட்டகையில வைக்கச் சொன்னதும் அவங்கதான்.”

பேச்சாளர் கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் விழுந்த பெஞ்சுகளில் ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தனர். நிழலிலிருந்த பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. இது ஏதோ திட்டமிட்ட குறும்பு என்று அவருக்கு உதறலெடுத்தது.

உதறலுக்குக் காரணம் இருந்தது. சென்ற வாரம் செங்கல் சூளையில், ‘வெயிலும் ஒரு வரமே’ என்று அவர் தொடங்கியவுடன், ‘அப்ப அதை நீயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்யா’ என்று ஒருவன் குரல் கொடுக்க, கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அதற்கு முன்பு, சாலைக்குத் தார் போடுபவர்கள் அந்த அளவுகூடப் பொறுக்கவில்லை. ‘இன்னைக்கும் சிரிச்சு அனுப்பிட்டாங்கன்னா, இனிமே உங்களைக் கூப்பிடறதா இல்ல’ என்று ஏற்பாட்டாளர் காலையில்தான் தொலைபேசியில் கறாராகச் சொல்லியிருந்தார்.

குளிரூட்டிய காரிலிருந்து இறங்கி வந்தவர், கழற்றினால் மதிப்புக் குறையும் என்றெண்ணிக் கோட்டைக் கழற்றாமலே தொடங்கினார்.

“வெயில் நம்மைச் சுடவில்லை, தழுவுகிறது.”

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ‘பெரியக்கா’ என்றழைத்த பெண்மணி, முன்வரிசையில் கண்களை மூடியபடி, “ஆமாங்க,” என்றார்.

“நிஜமாவா?” என்று பேச்சாளர் கேட்டுவிட்டார். பேச்சையே தொழிலாகக் கொண்டவர் கேட்கக் கூடாத கேள்வி அது.

“நிஜமாத்தான் தம்பி. தோள்ல இறங்கி அப்படியே எலும்பு வரைக்கும் போகுது.”

பின்னாலிருந்த ஒருவர், கொதிக்கும் தகரச் சுவரில் முதுகைச் சாய்த்தவாறே, “என் விரலு மடங்குது சார், பாருங்க,” என்று கைவிரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

பேச்சாளர் தமக்குத் தாமே மனத்தில் ஒரு மாலை சூட்டிக்கொண்டார். அவருடைய உடம்போ எதிர்க்கட்சியில் இருந்தது. வியர்வை கழுத்துப் பட்டையை நனைத்து, முதுகில் வழிந்து, சாக்ஸை எட்டியது.

“அம்மா, நன்றி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஃபேனை மட்டும் கொஞ்சம்...”

“இப்பத்தானே தழுவுதுன்னீங்க?”

“தழுவுதும்மா. ரொம்ப இறுக்கித் தழுவுது.”

“அப்ப அப்படியே இருக்கட்டும். காத்து வருதுன்னா ஜன்னலையும் சாத்திடறோம்.”

“ஐயோ, வேணாம்மா. சுருக்கமா முடிச்சுக்கறேன்.”

கூட்டத்திலிருந்து இழவு வீட்டு முனகல் போல ஓர் ஒலி எழுந்தது.

“அதுக்குள்ளயா? ஒரு மணி நேரம்னாங்களே,” என்றார் விரல் மடக்கியவர். “வெயில் தீந்துபோச்சுன்னா மழையைச் சொல்லுங்க, பனியைச் சொல்லுங்க.”

“பனியோட பேரை எடுத்தீன்னா உதைப்பேன்,” என்று பெரியக்கா அவரை அதட்டினார். “நீங்க வெயிலையே பேசுங்க தம்பி. சொன்னதையே திருப்பிச் சொன்னாலும் பரவாயில்ல.”

பேச்சாளர் சொன்னதையே திருப்பிச் சொன்னார். கண் இருண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, மேசையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தையும் நிரப்பினார். மணி அடித்தபோது ஒருவருக்கும் எழ மனமில்லை.

“அடுத்த வாரமும் வாங்க தம்பி. இன்னும் நிறுத்தி நிதானமாப் பேசுங்க,” என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா கடைசியாக வெளியேறினார்.

“பார்த்தீங்களா?” என்றார் பேச்சாளர், சுவரைப் பிடித்தபடி. “ஒருத்தர்கூடச் சிரிக்கல. என் பேச்சு உள்ள இறங்கிடுச்சு.”

“உங்களைக் கூப்பிடச் சொல்லி மன்றாடினதே அவங்கதான் சார்,” என்றார் மேற்பார்வையாளர். “முன்னெல்லாம் வேலைக்கு நடுவுல வெளிய வந்து உடம்பைச் சூடு பண்ணிக்க இடைவேளை உண்டு. போன மாசம் நிர்வாகம் நிறுத்திடுச்சு. இப்ப நல்லுரை கேக்கறதுன்னா மட்டும்தான் வெளிய விடறாங்க.”

முற்றத்தின் மறுபக்கத்தில், கம்பளி மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்ட பெரியக்கா ஒரு கனத்த கதவை இழுத்துத் திறந்தார். உறைந்த மீன் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்த அந்த இருட்டிலிருந்து குளிர் வெண்புகையாக உருண்டு வந்தது.

“அம்மா, சாத்திடாதீங்க. ஒரே ஒரு நிமிஷம் நானும் உள்ள வரேன்,” என்று நன்றிப் பேச்சாளர் கோட்டோடு அதை நோக்கி ஓடினார்.

உறைந்த மீன் வாங்கும் வாசகரே, அந்த இடைவேளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.