புளியமரம் பேசியது

ஆலங்காயம் ஸ்டேஷனில், நாக்கில் வைக்கும் போதைத்தாளோடு பிடிபட்ட பெங்களூரு தியான குரு ஸ்டீவ், இன்ஸ்பெக்டர் கலைவாணிக்கே வகுப்பெடுத்தார்.

“பழைய போதை மருந்தைத் தடை பண்ணாங்க. அதையே லேப்ல லேசா மாத்தி இதைச் செஞ்சாங்க. தடைப் பட்டியல்ல இதோட பேரே இல்ல மேடம். நாக்குல வச்சதும் உங்க ஊர் மலையில நிக்கிற புளியமரம் எங்கிட்ட பேசுச்சு.”

“இன்னா பேசுச்சு?”

“‘நீதான் குரு’ன்னு. வெளிய நிக்கிற என் சீடர்களும் நாக்குல வச்சுக் கேட்டாங்க.”

“சரி, நீங்க வூட்டுக்குப் போலாம்.”

“பார்த்தீங்களா, சட்டம் என்னைத் தொட முடியாது.”

“அது இல்லீங்க. சோதனை பண்ணிட்டாங்க. வெறும் சாயம் போட்ட காகிதமாம். எவனோ உங்கள நல்லா ஏமாத்திட்டான்.”

ஸ்டீவ் வாசலில் காத்திருந்த சீடர்களை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், சின்னதா ஒரு கேஸ் போட்டு உள்ள வச்சிடுங்களேன்.”