ஆட்டோசேவின் அக்கறை

கம்ப்யூட்டருக்குள் ஸ்வரம் எழுதும் மென்பொருள் மறுபடியும் பொத்தென்று விழுந்தது. எழுதியது தொலையாமல் அவ்வப்போது வந்து சேமித்துவிட்டுப் போகும் ஆட்டோசேவ் ஓடிவந்தது. மாலைக் கச்சேரிக்குள் பாட்டு முடிந்தாக வேண்டும்.

"எவன்டா அவனைத் தள்ளிவிட்டது?" என்று ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிடித்து உலுக்கியது. ஸ்வரங்கள் நடுங்கின.

மவுஸ் தயங்கித் தயங்கிச் சொன்னது: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மென்பொருள் அண்ணன் சும்மா இருக்கும்போது நீங்க சேமிச்சா ஒண்ணும் ஆகறதில்லை. பாட்டை வாசிச்சுக் காட்டும்போது வந்து கையைப் பிடிக்கிறீங்க பாருங்க, அப்பத்தான் விழறாரு."

ஆட்டோசேவ் ஆடிப்போனது.

அதற்குள் மென்பொருள் எழுந்து, பயந்துகொண்டே பாட்டை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியிருந்தது.

"நான் தொட்டாலே விழற அளவுக்கா பலவீனமா இருக்கான்? இனிமே இவனை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது!"

ஆட்டோசேவ் ஓடிப்போய் அதன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.