பிரிக்காத டின்

ஜன்னல் வெயிலில் குழந்தையின் காதுமடல் சிவந்து தெரிகிறது. எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஐந்து வாரம் மூக்குக்குழாயில் பால் குடித்தவன், இன்றுதான் முதன்முதலாகத் தாயின் மார்பைக் கவ்வியிருக்கிறான். உறிஞ்சுகிறான், மூச்சு வாங்குகிறான், மறுபடி உறிஞ்சுகிறான். களுக், களுக். அந்தச் சத்தம் வாசற்படியில் நிற்கும் நாத்தனார் காதில் விழட்டும் என்றே தாய் மின்விசிறியை நிறுத்தியிருக்கிறாள். "இவளுக்காவது, பால் ஊறுறதாவது" என்று அன்று ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி சொல்லி, பால்பவுடர் டின்னை மடியில் வைத்துவிட்டுப் போன நாத்தனார். "அந்த டின் எங்க? பிரிக்கலேன்னா எடுத்துட்டுப் போறேன்" என்கிறாள் இப்போது, சுவரைப் பார்த்தபடி. தாய் புடவைக் கொசுவத்தை மெல்ல ஒதுக்குகிறாள். டின்மேல் அவள் குதிகால் அழுந்தியிருக்கிறது. "இருக்கட்டும் அண்ணி. கால் வைக்க வாகா இருக்கு."