மூன்று நிமிஷம்

"இழுக்கறது, உடறதெல்லாம் எனக்கு வேண்டாங் கண்ணு. மூச்சை அடக்கறதை மட்டும் சொல்லிக் குடு."

யோகா டீச்சர் சுபஸ்ரீ கண்ணைத் திறந்தாள். கடைசி வரிசையில் வாட்ச்மேன் சென்னியப்பன், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சும்மா கிடைக்கிற எதையும் நம்பாத மனுஷன். துணி வாங்கும் வெள்ளைக்காரக் கம்பெனிக்கு போட்டோ அனுப்பத்தான் முதலாளி இந்தச் சாயப்பட்டறையில் யோகா வகுப்பு வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் தவறாமல் வந்தார்.

"அதை மட்டும் எதுக்குங்கய்யா?"

"எங்க ஊருல முத்துக் குளிக்க ஆள் எடுக்காவளாம். பெரியவரு அதுக்குப் போறாரு போல!" என்றான் டையிங் மெஷினில் நிற்கும் இசக்கிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை.

"போன ஆடியில என்ற பையன் கழிவுத் தொட்டியில எறங்குனான். வெஷக்காத்து. 'அப்பா'ன்னு ஒரே சத்தந்தான். அந்தக் காத்து மூக்குல ஏறுனா ரெண்டாவது மூச்சு கெடையாதுன்னு என்னைப் புடிச்சு நிறுத்திட்டாங்க. அடக்கத் தெரிஞ்சிருந்தா நானே போயித் தூக்கியிருப்பேன்."

சிரிப்பு நின்றது. இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லித் தர்றேனுங்கய்யா," என்றாள் சுபஸ்ரீ.

மூன்றாம் மாதம் ஒரு காலை. சென்னியப்பனின் நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. மேலுதட்டில் உட்கார்ந்த ஈ, காற்றுப் படாததால் அங்கேயே சாவகாசமாக நடந்தது. சுபஸ்ரீ பயந்துபோய் அவர் தோளைத் தொட்டாள்.

கண் திறந்தது. "எவ்வளவு ஆச்சு கண்ணு?"

"மூணு நிமிஷங்கய்யா! ஏனுங்க இப்பிடிப் பயமுறுத்தறீங்க?"

"அது போதும்."

மகன் போன பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சுபஸ்ரீ எழுந்துகொண்டாள்.

மறுநாள் முதலாளி சண்முகவேல் வந்தார்.

"நாளைக்கு ஆடிட்டுக்கு வர்றாங்கண்ணா. தொட்டி ரூமைத் தொறங்க, ஒரு பார்வை பார்த்துடலாம்."

சென்னியப்பன் சாவியோடு முன்னால் நடந்தார்.

"சென்னியண்ணா, அன்னைக்கு மாஸ்க் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம். நாந்தான் அவசரப்பட்டு உங்க பையனை எறங்கச் சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"நடந்தது நடந்து போச்சுங்க மொதலாளி." சென்னியப்பன் பூட்டைத் திறந்தார். "பயப்படாம வாங்க, தொட்டி மூடித்தான் கெடக்குது. நானும் கூட வர்றனுங்க."

இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. முதலாளி செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தார்.

"ஏனுங்ணா, மூடி தொறந்துல்ல கெடக்குது?"

முதலாளி வெளிச்சத்தைச் சென்னியப்பன் பக்கம் திருப்பினார்.

"அட, உங்களைத்தானுங்க... பேசுங்கண்ணா!"

சென்னியப்பனால் பேச முடியாது. கதவை உட்பக்கம் பூட்டிய கையோடு அவர் மூச்சை அடக்கியிருந்தார்.