சத்தம் காணாது!

"அண்ணை, உது துவக்கோ, சிகரெட் லைட்டரோ?"

பெனடிக்ற் கேட்டதும் மைதானத்தில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

லண்டன் தோர்ண்டன் ஹீத் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டி. ஓட்டங்களைத் தொடக்கி வைக்கிற பழைய வெடித் துவக்கு பழுதாகிவிட்டதால், புதிதாக ஒன்று வாங்கும் பொறுப்பை, போட்டிகளில் வெடி வைக்கிற குகநாதனிடம் கொடுத்திருந்தார்கள். அவர் வாங்கி வந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு குட்டி றிவோல்வர். நிஜத் துப்பாக்கியென்று ஒருவரும் மிரளாமல் இருக்கச் செம்மஞ்சள் நிறம் பூசியிருந்தது. வெடிக்கும், அவ்வளவுதான். குண்டு போகாது.

பெனடிக்ற் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர் அவர். பாரிஸில் இருந்த காலத்தில் ஓட்டப் போட்டிகளில் பரிசெடுத்தவர்.

"பாரமே இல்லை. பிடி வெறும் பிளாஸ்ரிக். உருளை சுத்தேக்கை கடகடக்குது. என்ன விலை அண்ணை?"

"மலிவுதான்."

"அது பாக்கவே தெரியுது. ஒருக்கா வெடியுங்கோ பாப்பம்."

குகநாதன் கையை உயர்த்தி விசையை அழுத்தினார்.

'டப்.'

வெண்டிக்காய் முறித்த மாதிரி ஒரு சத்தம். பின்னாலேயே குபுக்கென்று வெள்ளைப் புகை.

"சத்தம் காணாது!" பெனடிக்ற் தலையில் கை வைத்தார். "அங்கால முடிவுக் கோட்டடியில நிக்கிற எனக்கு உது எப்பிடிக் கேக்கும்? புகை மட்டும் வண்டி வண்டியா வருது. சாம்பிராணி போடவோ வாங்கினனீங்கள்? கடையில வேற நல்லது இருக்கேல்லையோ?"

"இருந்தது. முழுக்க இரும்பு, நல்ல பாரம். வெடிச்சா குறோய்டன் வரைக்கும் கேக்கும்."

"பிறகேன் அதை விட்டனீங்கள்?"

"இது போதுமெண்டு பட்டது."

பெனடிக்ற் பள்ளித் தலைவி லூர்தம்மாவிடம் போய்க் குனிந்தார். "பாத்தீங்களோ அக்கா? பொதுவேலை எண்டா எல்லாருக்கும் ஏனோதானோதான்."

"சரி விடும் தம்பி. பிள்ளையள் வெயிலுக்கை நிக்குதுகள். தொடங்குங்கோ."

போட்டிகள் ஒவ்வொன்றாக முடிந்து, எல்லோரும் காத்திருந்த ஓட்டம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான நூறு மீற்றர்!

பெனடிக்ற்றின் மகள் டிலக்சனா நடுக்கோட்டில் நின்றாள். இந்த மைதானத்தில் அவளை இன்னும் ஒருவரும் முந்தியதில்லை. பக்கத்துக் கோட்டில் விதுஷா. அண்மையில்தான் பள்ளியில் சேர்ந்தவள். யாரோடும் அதிகம் பேசாத பிள்ளை.

குகநாதன் ஓட்டப்பாதையின் ஓரமாகக் கொஞ்சம் முன்னுக்குப் போய் நின்று, கையை மெல்ல உயர்த்தினார்.

'டப்!'

விதுஷா வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரிப் பாய்ந்தாள். மைதானமே எழும்பி நின்றது.

"ஓடு பிள்ளை, ஓடு!"

"டிலக்சனா, விடாதை!"

பாதித் தூரத்தில் டிலக்சனா எட்டிப் பிடித்துவிட்டாள். இரண்டு பேரும் தோளுக்குத் தோள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கேத்தலை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். கடைசி நொடியில் விதுஷா நெஞ்சை முன்னே தள்ளினாள்.

ஒரு சாண் வித்தியாசம். விதுஷா முதலிடம்!

கைதட்டல் அடங்க முதலே பெனடிக்ற் கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"செல்லாது! திரும்ப ஓட வேணும்!"

"ஏன் தம்பி?" என்றார் லூர்தம்மா.

"வெடிச்ச சத்தம் கேட்டாத்தானே அக்கா பிள்ளையள் ஓடுறது? என்ர பிள்ளை ஒருநாளும் பிந்தி வெளிக்கிடுறவள் இல்லை. எல்லாம் இந்த மலிவுச் சாமானால வந்த வினை!"

சனம் இரண்டாகப் பிரிந்தது. "ஓம், எங்களுக்கும் கேக்கேல்லை" என்றது ஒரு பக்கம். "தோத்தவுடனைதான் துவக்குப் பிழையோ?" என்றது மற்றப் பக்கம்.

லூர்தம்மா ஓடிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்.

"உண்மையைச் சொல்லோணும். வெடிச் சத்தம் கேக்காத ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

பெனடிக்ற் மகளைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"எனக்குக் கேட்டது அப்பா. நான்தான் பிந்தி வெளிக்கிட்டனான்."

ஒருவரும் கை தூக்கவில்லை. விதுஷாவின் தாய் தாரகா சனத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகளுக்கு முன்னால் நின்று விரல்களை அசைத்து ஏதோ காட்டினாள். அதைப் பார்த்ததும் விதுஷா சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினாள்.

பெனடிக்ற் துள்ளினார். "பாத்தீங்களோ! வெண்ட பிள்ளைக்கே கேக்கேல்லையாம்!"

விதுஷாவின் விரல்கள் இப்போது விறுவிறுவென்று பேசின. தாரகா அதை எல்லோருக்கும் வாயால் சொன்னாள்.

"அவளுக்குப் பிறந்ததில இருந்தே காது கேக்காது அண்ணை. முந்தின பள்ளியில இவளுக்கெண்டு தனியாக் கொடி ஆட்டுவினம். எல்லாரும் பாவமெண்டு பாக்கிறது பிடிக்காமல் ஓட்டத்தையே விட்டவள். இந்த முறை எல்லாரோடையும் ஒரே வெடிக்கு ஓடினதுதான் தனக்குச் சந்தோசமாம்."

பெனடிக்ற் மெதுவாகக் குகநாதன் பக்கம் திரும்பினார்.

"அண்ணை... இவவுக்காகவோ இதை வாங்கினனீங்கள்?"

"வாங்கினது மட்டுந்தான் தம்பி நான்" என்றார் குகநாதன். "கடைக்காரர் ஒவ்வொண்டா வெடிச்சுக் காட்டேக்கை, பக்கத்தில நிண்டு புகையைப் பாத்து இதைத் தெரிஞ்செடுத்தது விதுஷாதான்."