டல்லாஸ் போகும் நாற்காலி

காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தாள்.

கூடத்தின் நடுவில், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு ஸ்டூல். விமானத்தில் முன் சீட்டுக்கும் நமக்கும் அவ்வளவுதான் இடமாம். பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னது.

கோயம்புத்தூரிலிருந்து டல்லாஸ் பதினைந்தாயிரம் கிலோமீட்டர். துபாயில் விமானம் மாற வேண்டும். அங்கிருந்து ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம்.

எல்லாம் மகன் சொன்ன கணக்குத்தான்.

"உன்ற முழங்காலுக்கு அத்தன நேரம் உக்கார முடியாதும்மா" என்றான் நேற்று. விசா குத்திய பாஸ்போர்ட்டைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டான்.

டல்லாஸில் மகள் கோகிலவாணிக்கு இது ஒன்பதாம் மாதம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில். வயிற்றைத் தூக்கிக்கொண்டு மகள் வர முடியாவிட்டால் தாய் வீடுதான் கிளம்பிப் போக வேண்டும். இதற்கு மேல் அவளுக்கு நியாயம் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

ஆறு மணி. காபி வாசனை வரவில்லை.

மகன் அடுப்படியை எட்டிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். விஷயம் புரிந்து சிரித்தான்.

ஏழரை மணி. பேரப்பிள்ளைகளின் டிபன் டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தன. மருமகள் ஆபீஸுக்கு ஓடுகிற அவசரத்தில் பிரெட்டை அடைத்து அனுப்பினாள். போகும்போது அத்தையின் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

மகன் சிரிப்பை நிறுத்தினான்.

இரண்டு முறை எழுந்து பாத்ரூம் போய் வந்தாள். விமானத்தில் பாத்ரூம் உண்டு. கேஸ் அடுப்பு கிடையாது.

பதினோரு மணி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மகன், காலிக் குக்கரோடு வந்து நின்றான்.

"மத்தியானத்துக்குச் சோறு ஆரும்மா ஆக்கறது?"

அடேயப்பா. பதினைந்தாயிரம் கிலோமீட்டர் என்று பயமுறுத்தியதெல்லாம் இந்தக் குக்கருக்குத்தானா?

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதம் நீ இல்லாவிட்டால் எங்களுக்குக் கஷ்டம் என்று நேராகச் சொல்லியிருந்தால் பாவம் என்றாவது நினைத்திருப்பாள்.

"பிளேன்ல போறவகிட்ட வந்து சோறு கேக்கறயே கண்ணு" என்றாள்.

அவனே அரிசி வைத்தான். அடிப்பிடித்த வாசனை தெருவரைக்கும் போனது.

இரண்டு மணிக்கு பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மகன் வந்து பாஸ்போர்ட்டை அவள் மடியில் வைத்தான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இன்னைக்கே டிக்கெட் போட்டர்றேன். போதும், எந்திரிம்மா."

பாஸ்போர்ட்டைப் பிரித்து விசா இருக்கிறதா என்று பார்த்தாள். மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். பதினாறு மணி நேரத்தில் இன்னும் ஏழு பாக்கி இருந்தது.

"நடுவழியில எப்படி எறங்கறது? நீ போயி வேலையப் பாரு."

அவன் உள்ளே போகும்வரை காத்திருந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எட்டு மணியிலிருந்தே உயிர் போகிறது. கண்ணில் நீர் முட்டியது.

அவன் சொன்னது பொய்யில்லை.

வலிக்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.